பிள்ளைகளுக்குக் கடல் கதை

நேயர்களுக்கு வணக்கம்.

பிரடரிக் மாரியட், இங்கிலாந்துக்காரர். 1806-ல், 14 வயதில், போர்க்கப்பலில் மிட்ஷிப்மேனாக, அதாவது அதிகாரி வேலை பழகும் பையனாகச் சேர்ந்தார். அவருடைய கேப்டன் தாமஸ் காக்ரேன் லேசுப்பட்ட ஆள் இல்லை. 1801-லேயே 54 பேரோடு ஒரு சின்னக் கப்பலில் போய், முந்நூறு பேருக்கு மேல் இருந்த ஸ்பெயின் கப்பலைப் பிடித்தவர். அவரிடம் வேலை கற்ற பையன் பிற்காலத்தில் நாவலாசிரியர் ஆனார்.

சுவிட்சர்லாந்துக் குடும்பம் ஒன்று தீவில் ஒதுங்கும் பிரபலமான கதை அப்போது இருந்தது. அதைத் தொடர்ந்து எழுதச் சொல்லி மாரியட்டின் பிள்ளைகள் கேட்டார்கள். படித்துப் பார்த்தார், மனசு ஒப்பவில்லை. கப்பலோட்டும் விவரம் தப்பு. தீவில் இருக்கவே முடியாத மரமும் மிருகமும் அங்கே இருந்தன. அதனால் 1841-ல் ‘மாஸ்டர்மேன் ரெடி’ என்று தானே ஒரு கதை எழுதத் தொடங்கினார். குழந்தைகளுக்குத்தானே, போதும் என்று அவர் விட்டுவிடவில்லை. எனக்கு அவரிடம் மிகவும் பிடித்தது இதுதான்.

விவரம் சரியாக இருந்தால் கதை தானாகவே விறுவிறுப்பாகிவிடும். அந்தக் காலப் போர்க்கப்பலில் வெடிமருந்து அறை நீர்மட்டத்துக்குக் கீழே இருக்கும். உள்ளே விளக்கு கொண்டுபோகக் கூடாது. பக்கத்து அறையில் விளக்கை வைத்து, கண்ணாடி வழியாக வெளிச்சம் விடுவார்கள். அங்கிருந்து மருந்துப் பொட்டலத்தை வாங்கிக்கொண்டு மேலே பீரங்கிக்கு ஓடுகிறவர்களில் பலர் சின்னப் பையன்கள். கால் வழுக்காமலிருக்கத் தளத்தில் மணல் தூவியிருக்கும். படிக்கிற பிள்ளைக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

ஆனால் அந்தக் காலக் கடல் கதைகளில் பெரும்பாலும் பேரரசின் பார்வைதான் இருக்கிறது. பிற இனத்தவரைத் தாழ்வாகச் சொல்லும் இடங்கள் வரும்போது, பெரியவர்கள் பிள்ளைகளோடு உட்கார்ந்து பேச வேண்டும்.

இன்னொரு விஷயம். 1824-ல் ஆங்கிலேயருக்கும் பர்மாவுக்கும் நடந்த போருக்குப் போன ஆங்கிலேயக் கப்பல்களில் ஒன்றுக்கு இதே மாரியட்தான் கேப்டன். அந்தப் படையில் மதராஸிலிருந்து கப்பலேறிய சிப்பாய்கள் ஏராளம். அந்தமானில் கூடி, மே மாதம் ரங்கூனில் இறங்கினார்கள். அப்புறம் மழை பிடித்துக்கொண்டது. எதிரியின் குண்டைவிடக் காய்ச்சலும் வயிற்றுக்கடுப்புமே அதிகம் பேரைக் கொன்றன. அந்தக் கப்பலில் போன நம்மூர்ப் பையன் ஒருவனின் கண் வழியாக, பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளுக்கு யாராவது ஒரு நாவல் எழுத வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. எழுத வருகிறவர், வங்கக் கடலில் எந்த மாதம் எந்தக் காற்று வீசும் என்பதை முதலில் விசாரித்துக்கொண்டு வரட்டும்.

நன்றி, வணக்கம்.