சூப்பர்சார்ஜர் வண்டிக்குப் பிரீமியம் பெட்ரோல் போடத்தான் வேண்டுமா?

வணக்கம் நேயர்களே. சாதாரண இன்ஜின் வண்டி வைத்திருப்பவர் யார் கேட்டாலும், கையேடு கேட்காத வரைக்கும் பிரீமியம் போடாதீர்கள், காசு வீண் என்றுதான் சொல்வேன். சூப்பர்சார்ஜர் உள்ள வண்டி என்றால் என் பதிலே வேறு.

விலை கூடினால் சக்தியும் கூடும் என்று பலர் நம்புகிறார்கள். அப்படி இல்லை. அழுத்தமும் சூடும் ஏறும்போது பெட்ரோல் தானாகப் பற்றிக்கொள்ளாமல் எவ்வளவு தாக்குப்பிடிக்கும் என்பதைத்தான் ஆக்டேன் எண் சொல்கிறது. ஐசோ ஆக்டேனுக்கு 100, சட்டென்று பற்றிக்கொள்ளும் ஹெப்டேனுக்கு 0 என்று வைத்து அளக்கிறார்கள், அவ்வளவுதான். பிரீமியம் என்று நான் சொல்வது இந்த எண் கூடுதலாக உள்ள பெட்ரோலை.

இனி சூப்பர்சார்ஜருக்கு வருவோம். இன்ஜினோடு சேர்ந்தே, பெரும்பாலும் ஒரு பெல்ட் வழியாகச் சுழன்று, காற்றை அமுக்கி சிலிண்டருக்குள் திணிக்கிறது. சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பக்கம் சுடுமே, அதுபோல அமுக்கிய காற்றும் சூடாகிறது. இன்டர்கூலர் இருந்தால் கொஞ்சம் தணியும். பிஸ்டன் மேலே வந்து அதை இன்னும் நெருக்கும். பிளக் பொறி வைத்ததும் தீ ஒரு பக்கத்திலிருந்து பரவிக்கொண்டே வர, அது எட்டும் முன்பே ஓரத்தில் மிச்சமிருக்கும் பெட்ரோல்-காற்றுக் கலவை தானாக வெடித்துவிட்டால் அதுதான் நாக்கிங். தகர டப்பாவில் கூழாங்கற்களைக் குலுக்கியது போலக் கேட்கும். தொடர்ந்து நடந்தால் பிஸ்டனில் ரிங் உட்காரும் விளிம்பே உடைந்துவிடும்.

"என் வண்டியில் சத்தமே இல்லையே" என்பீர்கள். இன்றைய வண்டிகளில் நாக் சென்சார் உண்டு, அது அதிர்வை உணர்ந்ததும் கணினி பொறி வைக்கும் நேரத்தைத் தள்ளிப்போடுகிறது, இன்ஜின் பிழைத்துக்கொள்கிறது, ஆனால் இழுவை குறைகிறது, புகைக்குழாய்ச் சூடு ஏறுகிறது, நீங்களும் ஆக்சிலரேட்டரை இன்னும் அழுத்துகிறீர்கள், பெட்ரோல் பங்க்கில் மிச்சம் பிடித்த காசில் ஒரு பகுதி அப்படியே கரைகிறது. காசு கொடுத்து வாங்கிய சூப்பர்சார்ஜரை இப்படிப் பாதி தூங்க வைப்பது எனக்கு மனசுக்கு ஒப்பவில்லை.

கையேட்டைத் திறந்து பாருங்கள். "கட்டாயம்" என்று இருந்தால் பேச்சே இல்லை. "பரிந்துரை" என்று இருந்தால், சமதளத்தில் மெதுவாக ஓட்டுபவர் சாதாவிலும் சமாளிக்கலாம். வெயிலில் மலை ஏறுபவர், பாரம் இழுப்பவர் பிரீமியமே போடுங்கள். எண்ணைப் பார்த்துக் குழம்பவும் வேண்டாம், ஆக்டேன் அளக்கும் முறை நாட்டுக்கு நாடு மாறும். ரான் (RON) என்ற அளவுமுறையில் 95 என்பதும், அமெரிக்க பம்புகளில் 91 என்று இருப்பதும் ஏறக்குறைய ஒரே பெட்ரோல்தான். 95 போதும் என்ற இன்ஜினுக்கு 98 போட்டால் பெரிதாக எதுவும் கிடைத்துவிடாது.

அப்புறம், பழைய வண்டியில் தனியாக சூப்பர்சார்ஜர் மாட்டியவர்களும், பெல்ட் ஓடும் சக்கரத்தை, அதாவது புல்லியை, சின்னதாக மாற்றி பூஸ்ட் (உள்ளே திணிக்கும் காற்றின் அழுத்தம்) ஏற்றியவர்களும் கையேட்டை நம்பாதீர்கள். அது பழைய இன்ஜினுக்கு எழுதியது. டியூன் செய்தவர் எந்த ஆக்டேனுக்குச் செய்தாரோ அதற்குக் கீழே இறங்கவே கூடாது. நாக் சென்சாரும் இல்லாத வண்டி என்றால் காப்பாற்ற யாரும் இல்லை.

வழியில் சாதாதான் கிடைக்கிறது என்றால் டேங்கை நிரப்பாமல் கொஞ்சமாகப் போட்டுக்கொள்ளுங்கள். ஆக்சிலரேட்டரை அழுத்தி மிதிக்காமல், பூஸ்ட் ஏறவிடாமல் ஓட்டுங்கள். அடுத்து பிரீமியம் கிடைக்கும் இடத்தில் நிரப்பிக்கொள்ளலாம்.