பண்ணையை எழுப்பிய கை

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையில் அமர்ந்திருக்கும் பெரியோர்களே, வணக்கம்.

ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த டாஸ்மேனியா தீவில், லாங்ஃபோர்ட் என்ற ஊருக்குப் பக்கத்தில் இருக்கின்றன பிரிக்கெண்டன், வூல்மர்ஸ் என்ற இரண்டு பண்ணைகள். 2010-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்த பிரிட்டன் நாடுகடத்திய கைதிகளின் வரலாற்றைச் சொல்லும் 11 ஆஸ்திரேலியத் தலங்களில் ஒன்றாக இவை சேர்ந்திருக்கின்றன. அந்தப் பெருமை முதலாளிக்கா, கைதிக்கா? கைதிக்கே என்று வாதாட வந்திருக்கிறேன்.

முன்னால் பேசிய நண்பர் சொன்னார்: "பண்ணை முதலாளிகளான ஆர்ச்சர் சகோதரர்களின் பணமும் தொலைநோக்கும் இல்லையென்றால் அங்கே வெறும் காடுதான் இருந்திருக்கும்." சரி, கணக்கைப் பார்த்துவிடுவோம். 1831 வரை அந்தத் தீவில் குடியேறிகளுக்கு அரசு நிலத்தை இலவசமாகவே வழங்கியது. அரசுக்கு அது எப்படி வந்தது? பல்லாயிரம் ஆண்டுகளாக அங்கே வாழ்ந்த பழங்குடி மக்களிடமிருந்து பறித்தது. அடுத்து, ஆள். பிரிட்டனில் ஆடு திருடியவர், துணி திருடியவர் என்று 7 ஆண்டு, 14 ஆண்டு, ஆயுள் எனத் தண்டனை பெற்றுக் கப்பலில் வந்து இறங்கியவர்களை அரசே முதலாளிகளுக்குப் பிரித்துக் கொடுத்தது. சோறு உண்டு, உடுப்பு உண்டு, படுக்க இடம் உண்டு, கூலி மட்டும் கிடையாது. நிலமும் சும்மா, ஆளும் சும்மா என்றால் தொலைநோக்கு யாருக்குத்தான் வராது, நடுவர் அவர்களே?

பிரிக்கெண்டனில் ஒரு தானியக் களஞ்சியம் இருக்கிறது. தரையில் அமராமல் தூண்களின் மேல் நிற்கிறது, எலி ஏறக் கூடாது என்பதற்காக. தச்சு வேலை தெரிந்த கை இல்லாமல் அது நிற்குமா? கொல்லர், கொத்தனார், தச்சர் என்று கைத்தொழில் தெரிந்தவர்கள் கைதிகளுக்குள் இருந்தார்கள். வூல்மர்ஸில் 1819 வாக்கில் எழுந்த, ஆட்டு ரோமம் கத்தரிக்கும் கொட்டகை இரண்டு நூற்றாண்டு தாண்டியும் நிற்கிறதே, அது யார் கைத்திறன்?

"கைதிகளுக்கு அது மறுவாழ்வு" என்றார் இன்னொரு நண்பர். சிலருக்கு அப்படி அமைந்தது, மறுக்க மாட்டேன். நல்ல எஜமான் வாய்த்தால் பிழைப்பு. வாய்க்காவிட்டால்? எதிர்த்துப் பேசினான், சோம்பியிருந்தான், குடித்தான் என்று ஒரு புகார் போதும். மாஜிஸ்திரேட் முன் நிறுத்தி ஆணுக்குச் சாட்டையடி, அல்லது சங்கிலி பூட்டிச் சாலை வேலை. பெரும்பாலும் அந்த மாஜிஸ்திரேட்டும் ஒரு நிலக்கிழார்தான். சமையலும் சலவையும் பார்த்த பெண் கைதி கர்ப்பமானால், 'ஃபீமேல் ஃபேக்டரி' என்ற பெண்கள் சிறைக்கு அனுப்பிவிடுவார்கள். பிள்ளை பால்குடி மறந்ததும் தாயிடமிருந்து பிரித்துவிடுவார்கள். இதற்குப் பெயர் மறுவாழ்வா? சொல்லுங்கள்!

அடுத்துப் பேச வரும் எதிரணி நண்பரிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். அந்தக் களஞ்சியத்திலோ கொட்டகையிலோ முதலாளி தன் கையால் தூக்கி வைத்த ஒரு பலகையைக் காட்டுங்கள். காட்டிவிட்டால் என் வாதத்தை இங்கேயே விட்டுக் கொடுக்கிறேன்.

நன்றி, வணக்கம்.