மன்றக் கூட்டத்துக்கு ஒரு நோட்டும் பேனாவும்

அவைத்தலைவர் அவர்களே, நான் சொல்ல வைத்திருந்ததில் பாதியை என்னைவிட நன்றாகச் சொல்லி முடித்துவிட்ட பேராசிரியர் அவர்களே, உடல்நலம் சரியில்லாதபோதும் முன்வரிசையில் வந்து அமர்ந்திருக்கும் முன்னாள் நீதியரசர் அவர்களே, பத்து நிமிடத்தில் முடிக்கச் சொல்லியிருக்கும் செயலாளர் அவர்களே, நண்பர்களே, வணக்கம். யாரையாவது விட்டிருந்தால் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

வலைப்பூக்கள், அதாவது இணையத்தில் தனி மனிதர்கள் எழுதும் பிளாக்குகள், அரசியலை என்ன செய்தன? செய்தி, தேர்தல், அடக்குமுறை என்று மூன்றாகப் பார்க்கலாம். எறும்பு ஊரக் கல்லும் தேயும் என்பார்கள். முதலில் கல் தேய்ந்த கதை.

2002 டிசம்பர் 5. அமெரிக்க செனட்டர் ஸ்ட்ராம் தர்மண்டுக்கு நூறாவது பிறந்தநாள் விழா. இவர் 1948இல், கறுப்பர்களைத் தனியே பிரித்துத்தான் வைக்க வேண்டும் என்ற கட்சியின் சார்பில் அதிபர் தேர்தலில் நின்று தோற்றவர். வாழ்த்த எழுந்தார் ட்ரென்ட் லாட். வலதுசாரியான குடியரசுக் கட்சிக்காரர், செனட் என்ற மேலவையின் பெரும்பான்மைத் தலைவராக அமரவிருந்தவர். வாழ்த்த வந்தவர் வாழ்த்திவிட்டு உட்கார வேண்டாமா? (எனக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.) அன்று எங்கள் மாநிலம் இவருக்கு ஓட்டுப் போட்டது, மற்றவர்களும் போட்டிருந்தால் இத்தனை தொல்லைகள் வந்திருக்காது என்றார்! தொலைக்காட்சியில் அப்படியே ஓடியது. பெரிய நாளிதழ்கள் பெரும்பாலும் கண்டுகொள்ளவில்லை. விடாமல் பிடித்துக்கொண்டவர்கள் வலைப்பூ எழுதும் பதிவர்கள். ஜோஷ் மார்ஷல் போன்றவர்கள் திரும்பத் திரும்ப எழுதினார்கள். அந்த 1948 கட்சி என்ன சொல்லி ஓட்டுக் கேட்டது, லாட் முன்பு என்னென்ன பேசியிருக்கிறார் என்று பழைய காகிதங்களைத் தோண்டினார்கள். வலதுசாரிப் பதிவர்களும் சேர்ந்துகொண்டார்கள். அப்புறம்தான் பத்திரிகைகள் விழித்தன. லாட் மன்னிப்புக் கேட்டார், மறுபடியும் கேட்டார். டிசம்பர் 20 அன்று தலைமைப் பதவியிலிருந்து விலகினார். 15 நாள்! எறும்பு ஊரக் கல்லும் தேயும்.

தேர்தலுக்கு வருவோம். அமெரிக்காவில் ஜனநாயகக் கட்சியின் அதிபர் வேட்பாளராக முயன்ற ஹோவர்ட் டீன் 2003இல் வலைப்பூ வழியாக ஆளும் பணமும் திரட்டினார். ஆனால் வேட்பாளராக முடியவில்லை. சரி, அதை விடுவோம். அடக்குமுறை என்றால் ஹொசைன் தெரக்‌ஷான். பாரசீக மொழியில் வலைப்பூ தொடங்குவது எப்படி என்று 2001இல் எழுதிக்காட்டியவர். 2008இல் ஈரானில் கைதானார். பத்தொன்பதரை ஆண்டு தண்டனை விதித்தார்கள், 2014இல் வெளியே வந்தார். இதற்கே தனியாக ஒரு மணி நேரம் வேண்டும். செயலாளர் கடிகாரத்தைப் பார்க்கிறார்.

எந்த மேடையிலும் கேட்பதை இங்கேயும் கேட்டுவிடுகிறேன். தேசத் தலைவர்களைப் பற்றி எழுத ஆயிரம் பேர் உண்டு. நம் தெருக்குழாயையும் சாக்கடையையும் முடிவு செய்யும் உள்ளாட்சி மன்றக் கூட்டத்தில் பார்வையாளர் நாற்காலி காலியாகக் கிடக்கிறது. போய் உட்காருங்கள். என்ன தீர்மானம், எவ்வளவு தொகை, யார் எதிர்த்தார் என்று அன்று இரவே எழுதிப் போடுங்கள். கருத்து வேண்டாம், கணக்குப் போதும். பத்துப் பேர்தான் படிப்பார்கள். அதில் இரண்டு பேர், தங்களைப் பற்றி என்ன வந்திருக்கிறது என்று பார்க்க வரும் உறுப்பினர்களாக இருப்பார்கள். அது போதும். எறும்பு ஊர... மீதியை நீங்களே சொல்லிவிட்டீர்கள், நன்றி.

வாசலில் ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். அடுத்த கூட்டத்துக்குப் போகிறவர்கள் பெயர் எழுதுங்கள். முதல் பெயர் தன்னுடையது என்று தலைவர் அவர்கள் உள்ளே வரும்போது சொன்னார். பேனா என்னிடம் இருக்கிறது, ஐயா.