பத்து மில்லிசெகண்டுக்கு ஒரு வாளி

வணக்கம். இன்டர்நெட் வேகத்தைக் கட்டுப்படுத்துவது பற்றிப் பேசச் சொன்னார்கள். பேச்சு பாதிக்கு மேல் கடிகாரத்தைப் பற்றியே இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

2003 வாக்கில் ஒரு கல்லூரியில் நெட்வொர்க்கைக் கவனித்துக்கொண்டிருந்தேன். மெயின் கட்டட மொட்டைமாடியிலிருந்து விடுதி மொட்டைமாடிக்கு ஒரு ரேடியோ இணைப்பு. நொடிக்கு 10 மெகாபிட்டுக்கு மேல் கொடுத்தால் திணறிவிடும். அதனால் நடுவில் ஒரு பழைய இன்டெல் கம்ப்யூட்டர், அதில் லினக்ஸ் 2.4 இயங்குதளம். விடுதிக்குப் போவது 8 மெகாபிட்டைத் தாண்டாமல் பார்த்துக்கொள்வது அதன் வேலை.

இதற்கு டோக்கன் பக்கெட் என்று ஒரு ஏற்பாடு உண்டு. வாளியில் டோக்கன் விழுந்துகொண்டே இருக்கும். ஒரு டோக்கனுக்கு ஒரு பைட், அதாவது எட்டு பிட். 8 மெகாபிட் என்றால் நொடிக்கு 10 லட்சம். நெட்வொர்க்கில் தகவல் சிறு சிறு பொட்டலங்களாகப் போகும், அதுதான் பாக்கெட். பாக்கெட் தன் அளவுக்கு டோக்கன் கொடுத்தால்தான் வெளியே போகலாம். இல்லையென்றால் வரிசையில் நிற்க வேண்டியதுதான், ரேஷன் கடை மாதிரி. வாளி நிரம்பிய பிறகு விழுவதெல்லாம் வீண்.

வாளி சிறிதாக இருந்தால் கட்டுப்பாடு இறுக்கமாக இருக்கும் என்று நினைத்து 5,000 பைட் வைத்தேன். 8 கேட்ட இடத்தில் 4 கூட வரவில்லை. விடுதிப் பையன்கள் என்னை என்ன சொல்லியிருப்பார்கள் என்பதை வானொலியில் சொல்ல முடியாது.

விஷயம் இதுதான். வரிசையில் நிற்கும் பாக்கெட்டை எழுப்பிவிட கெர்னலுக்குள், அதாவது லினக்ஸின் மையப் பகுதிக்குள், ஒரு மணி அடிக்க வேண்டும். அன்றைய இன்டெல் இயந்திரங்களில் அந்த மணி நொடிக்கு 100 முறை, அதாவது 10 மில்லிசெகண்டுக்கு ஒருமுறை அடிக்கும். ஆல்ஃபா என்ற வேறு வகை பிராசசர் வைத்திருந்தவர்களுக்கு 1,024, கொடுத்துவைத்தவர்கள். இரண்டு மணிகளுக்கு நடுவே விழுவது 10,000 டோக்கன், என் வாளி பிடிப்பதோ 5,000. பாதி தரையில்.

வாளியை 10,000 ஆக்கினேன். வேகம் வந்தது, கூடவே புது வம்பும் வந்தது. இணையவழிப் பேச்சு துண்டு துண்டாகக் கேட்கிறது என்றார்கள். பாக்கெட்டுகளைப் பிடித்து நேரத்தைப் பார்த்தேன். ஆறேழு பாக்கெட் ஒட்டிக்கொண்டு, 100 மெகாபிட் கார்டு வழியாக ஒரு மில்லிசெகண்டுக்குள் பாய்கின்றன. அப்புறம் ஒன்பது மில்லிசெகண்டுக்கு ஈ, காக்கை இல்லை. மறுபடி ஆறேழு. நொடிக் கணக்குக்குச் சராசரி 8 மெகாபிட், பிசகே இல்லை. ரேடியோ பெட்டிக்குத் தெரிந்ததோ 100 மெகாபிட், பூஜ்யம், 100 மெகாபிட், பூஜ்யம். அதற்கு ஞாபக இடம் கொஞ்சம்தான்; மிஞ்சியதைக் கீழே போட்டுவிட்டது.

கெர்னல் மூலநிரலில் ஒரே வரியில் மணியின் 100-ஐ 1000 ஆக்கிக் கம்பைல் செய்ய, அதாவது மெஷின் ஓட்டக்கூடிய வடிவத்துக்கு மாற்ற, போட்டேன். அந்த மெஷினுக்கு அது ராத்திரி முழுக்க வேலை. காலையில் பார்த்தால் மில்லிசெகண்டுக்கு 1,000 டோக்கன், ஒரு முழு பாக்கெட்டுக்குக்கூடக் காணாது. வாளியை 2,000-க்குக் குறைத்தேன். பாக்கெட்டுகள் ஒவ்வொன்றாக, இடைவெளி விட்டுப் போயின. பேச்சும் தெளிந்தது.

மணி அடிப்பதற்கும் செலவு உண்டு. ஒவ்வொரு தடவையும் பிராசசர் கைவேலையை விட்டுவிட்டு எழுந்து வர வேண்டும். 2003 டிசம்பரில் வந்த 2.6 கெர்னல் இன்டெலில் 1000-க்குத் தாவியது. லேப்டாப் பேட்டரி போகிறதே என்று முணுமுணுப்பு. 2005-ல் 2.6.13 வந்தபோது 100, 250, 1000 எது வேண்டுமோ எடுத்துக்கொள்ளுங்கள் என்று விட்டுவிட்டார்கள், சும்மா விட்டால் 250. 2007-ல் 2.6.21-இல் நுண் டைமர்கள் வந்தன. மணிக்காகக் காத்திராமல், வேண்டிய கணத்துக்குத் தனியாக அலாரம் வைத்துக்கொள்ளும் வசதி அது. வேகக் கட்டுப்பாட்டுக்காக லினக்ஸ் கெர்னலை இன்றைக்கும் 1000-க்கு மாற்றிக் கம்பைல் செய்பவர்கள் இருக்கிறார்கள். பெரும்பாலும் வீண் வேலை. ஃப்ரீபிஎஸ்டி என்ற இன்னொரு இயங்குதளத்தில் இதே வேகக் கட்டுப்பாட்டைச் செய்யும் டம்மிநெட்டின் கதை வேறு. அது மணியை நம்பி ஓடுவது, அங்கே 1000 தேவைதான்.

மாற்றினீர்களா, சரிபார்ப்பதில் ஒரு பள்ளம் இருக்கிறது. லினக்ஸில் மணி நொடிக்கு எத்தனை முறை அடிக்கிறது என்று சாதாரண புரோகிராம் கேட்டால், 1000 அடித்தாலும் 100 என்றே பதில் வரும். பழைய புரோகிராம்கள் குழம்பக் கூடாது என்று வெளியே சொல்லும் எண்ணை 100-லேயே நிறுத்திவைத்திருக்கிறார்கள். அதை நம்பி நான் இரண்டாவது ராத்திரியும் கம்பைல் செய்தேன்.