டெத்திஸ் கடல் எப்போது மூடியது? ஒரு சந்தேகம்

அடுத்த கேள்வி, இங்கே பெங்களூர் அல்சூரிலிருந்து ஒரு கல்லூரி மாணவர் அனுப்பியது. "சார், கண்ணுக்கே தெரியாத கடல் உயிரியின் கூட்டை வைத்து, இந்தியாவுக்கும் ஆசியாவுக்கும் நடுவே ஒரு காலத்தில் இருந்த டெத்திஸ் கடல் இன்ன காலத்தில் மூடியது என்று எப்படிச் சொல்கிறார்கள்? அதில் தேதியா எழுதியிருக்கிறது?"

கிட்டத்தட்ட எழுதியிருக்கிறது தம்பி. பழைய கல்யாண ஆல்பத்தில் பெல்பாட்டம் பேன்ட்டைப் பார்த்ததும் எழுபதுகள் என்று சொல்லிவிடுகிறோம் அல்லவா? ரேடியோலேரியா என்ற ஒற்றைச் செல் உயிரியும் அப்படித்தான். அதன் சிலிக்கா கூடு கோலமாவுத் துகள் அளவுதான். ஆனால் காலத்துக்குக் காலம் மோஸ்தர் மாறிக்கொண்டே வரும்.

லடாக்கிலும் தெற்குத் திபெத்திலும், இந்தியாவும் ஆசியாவும் ஒட்டிய தையல் ஓரத்தில், செர்ட் என்ற சிவப்புச் சிலிக்கா பாறைகள் கிடக்கின்றன. கடலில் ஏறக்குறைய 4, 5 கிலோமீட்டருக்குக் கீழே சுண்ணாம்பு ஓடுகள் கரைந்துவிடும், சிலிக்கா தங்கும். அதனால் செர்ட் என்றால் பெரும்பாலும் ஆழ்கடல் தரை. அதை நீர்த்த ஹைட்ரோஃபுளோரிக் அமிலத்தில் போட்டுக் கூடுகளைப் பிரித்தெடுப்பார்கள். கண்ணாடியையே அரிக்கிற அமிலம் அது, வீட்டில் முயற்சி செய்துவிடாதீர்கள்.

சரி, இங்கேதான் பலரும் சறுக்குகிறார்கள். அந்தக் கூட்டின் வயது கடல் மூடிய தேதி அல்ல. "அன்றைக்குக் கடல் இன்னும் இருந்தது" என்பதற்கு மட்டும்தான் அது சாட்சி. மூடியது அதற்குப் பிறகு. மறுமுனையில், லடாக்கின் ஸன்ஸ்கரில் நம்முலைட்டஸ் என்ற உயிரியின் ஓடுகள் நிறைந்த சுண்ணாம்புக்கல் இருக்கிறது. நாணயம் போன்ற இந்த ஓடுகள் ஆழமில்லாத கடலில் வாழ்ந்தவை; எகிப்தின் பிரமிடுக் கற்களிலும் இதே சாதியைப் பார்க்கலாம். ஸன்ஸ்கரில் கடல் படிவுகள் சுமார் 5 கோடி ஆண்டுகளுக்கு முன் நின்றுபோகின்றன. அதற்கு மேலே ஆற்று மண். ஆனால் இந்தியா, ஆசியா மோதல் அப்போதுதான் தொடங்கியது என்று சொல்லிவிட முடியாது. திபெத்தின் சாங்டன்லினில், இந்தியப் பக்கத்து ஆழ்கடல் படிவில், ஆசியாவின் மணல் வந்து விழத் தொடங்கியது சுமார் 5.9 கோடி ஆண்டுகளுக்கு முன். கரைகள் தொட்டுக்கொண்ட பிறகும் கடல் பல லட்சம் ஆண்டுகள் குட்டையாக மிச்சமிருந்திருக்கிறது.

இன்னொரு வம்பும் உண்டு. அப்பாவின் பெல்பாட்டத்தை மகன் இன்றைக்குப் போட்டுக்கொண்டு படம் எடுத்தால்? பழைய பாறை அரிக்கப்பட்டு, அதிலிருந்த ஓடுகள் புதிய மண்ணில் போய்ச் சேர்வதும் அதே கதைதான். அதனால் ஒரே ஒரு ஓடு கிடைத்ததை நம்பி யாராவது தேதி சொன்னால், நான் கேட்டுக்கொள்வேன், எழுதிக்கொள்ள மாட்டேன். மணலில் இருக்கும் சிர்கான் என்ற கனிம மணிகளின் வயதும் ஒத்துப்போக வேண்டும்.

அப்புறம், நம் லால்பாக் பாறையில் தேடலாமா என்று இன்னொருவர் கேட்டிருக்கிறார். வேண்டாம். அது சுமார் 300 கோடி ஆண்டுப் பழைய நைஸ் பாறை, வெந்து உருமாறியது. ரேடியோலேரியா பிறப்பதற்கே அப்போது வெகுகாலம் இருந்தது. சாயங்காலம் ஏறி நின்று ஊரைப் பார்க்க மட்டும் போங்கள்.