டோக்கன் கொடுக்கும் அம்மாக்களின் பக்கம்

நடுவர் அவர்களுக்கும், கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவுக்குக் கூடியிருக்கும் குடியாத்தம் மக்களுக்கும் வணக்கம். வெளியூரில் படிக்கும் பிள்ளை பதறினால் பெற்றவர்கள் உடனே உதவிக்கு ஓடுவதா, இவ்வளவுதான் என்று எல்லை வகுப்பதா? எல்லை வகுப்பதே என்று பேச வந்திருக்கிறேன்.

எதிரணித் தோழர் போகிற போக்கில் ஒன்று சொன்னார், நீங்களும் கை தட்டினீர்கள். “வேலூர்ப் பக்கம் ஆஸ்பத்திரி அதிகம், அதனால்தான் இவர்கள் பெற்ற பிள்ளைக்கே டோக்கன் கொடுக்கிறார்கள், ராத்திரி எட்டு மணிக்குத்தான் அம்மா பேசுவாளாம்!” சரி, அந்த டோக்கனையே எடுத்துக்கொள்கிறேன். விடியற்காலையில் ஆஸ்பத்திரி வாசலில் பார்த்திருக்கிறீர்களா? டோக்கன் கிடைக்காதவர்தான் கவுன்ட்டரை எட்டி எட்டிப் பார்ப்பார், முன்னால் நிற்பவரை இடிப்பார், கூப்பிடுவார்களா மாட்டார்களா என்று வியர்த்துப் போவார். கையில் நம்பர் வாங்கியவர் எதிர்க்கடையில் டீ குடித்துவிட்டு வருவார், தன் முறை வரும் என்று அவருக்குத் தெரியும். எட்டு மணிக்கு அம்மா கட்டாயம் பேசுவாள் என்று தெரிந்த பிள்ளைக்கும் அதே நிம்மதிதான் ஐயா! இப்போது தட்டுங்கள்.

எங்கள் தெருவில் ஓர் அக்கா. வீட்டுக்காரர் லுங்கி வியாபாரம், மகள் கோயம்புத்தூரில் இன்ஜினியரிங் முதல் வருஷம். காலையில் போன்: “அம்மா, மெஸ்ஸுக்குத் தனியா போகணும், பயமா இருக்கு.” அக்கா போனிலேயே கூட நடப்பார். “தட்டு எடுத்தியா?” “எடுத்துட்டேன்.” “என்ன போட்டிருக்காங்க?” “பொங்கல்.” “எங்க உக்காரப் போற?” “தெரியலைம்மா!” அங்கே மகள் இடம் தேட, இங்கே அடுப்பில் பால் பொங்கி வழிகிறது. ராத்திரி அடுத்த போன்: “ரூம்மேட் பேசவே மாட்டேங்கிறா, என்மேல கோபமோ?” அக்கா என்ன செய்தார் தெரியுமா? ரூம்மேட்டின் அம்மாவுக்கே போன் போட்டுவிட்டார்! அந்த அம்மா மகளை விசாரிக்க, அந்தப் பெண்ணுக்குப் பல்வலி! பின்வரிசைக்குக் கேட்டிருக்காது, மறுபடி சொல்கிறேன்: பல்வலி! அது தெரிந்து சொல்வதற்குள் அக்கா காட்பாடியில் ரயிலேறி, ஆறு மணி நேரம் உட்கார்ந்து, தூக்கு நிறையப் புளிசாதத்தோடு ஹாஸ்டல் வாசலில் நிற்கிறார். மகள் வந்து, “அம்மா, நாங்க ரெண்டு பேரும் சினிமாவுக்குக் கிளம்பிட்டோமே” என்கிறாள்!

சிரித்தீர்கள். ஆனால் அந்தப் பெண் நடிக்கவில்லை, நெஞ்சு நிஜமாகவே படபடத்தது. அம்மா குரல் கேட்டதும் பதற்றம் இறங்கும், ‘அம்மா இருந்ததால்தான் தப்பித்தேன்’ என்று மனசு எழுதிக்கொள்ளும். கொஞ்சம் பொறுத்திருந்தால் அது தானாகவே இறங்கியிருக்கும் என்று தெரிந்துகொள்ள இடமே கிடைக்காது, மறுநாள் இன்னும் சின்ன விஷயத்துக்குப் பயம் வரும். அதனால்தான் மனநல மருத்துவர்கள் ஒரேயடியாக நிறுத்தச் சொல்வதில்லை, பிள்ளையிடம் முன்கூட்டியே பேசிவிட்டுப் படிப்படியாகக் குறைக்கச் சொல்கிறார்கள். அக்காவும் அப்படித்தான் செய்தார். ராத்திரி எட்டு மணிக்குப் போன், பகலில் “பயமா இருக்குன்னு தெரியுது, நீ சமாளிப்ப” என்று ஒரு செய்தி. கல்லூரி கவுன்சலரைப் பார்க்க மகளே நேரம் வாங்கினாள்.

ஒன்று மட்டும் கவனியுங்கள். பிள்ளை சாப்பிடாமல் தூங்காமல் கிடந்தால், வாழவே பிடிக்கவில்லை என்று ஒரு வார்த்தை சொன்னால், எல்லையும் கிடையாது கோடும் கிடையாது, உடனே வார்டனைக் கூப்பிட்டுவிட்டு அடுத்த வண்டியைப் பிடியுங்கள். 14416, அரசின் ‘டெலி மானஸ்’ மனநல உதவி எண், 24 மணி நேரமும் இலவசம், தமிழிலேயே பேசலாம். எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம், எங்களைக் கல் மனசுக்காரிகள் என்றார்களே, அதற்கு வருகிறேன் நடுவர் அவர்களே. எல்லை வகுத்த முதல் நாள் பகலில் மகளின் போன் அடித்து ஓய்ந்ததும், “அவசரம் இல்லையே?” என்று செய்தி அனுப்பி, “இல்லை” என்று பதில் வந்த பிறகும் அக்கா எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து அழுதார். செல்லை என் கையில் திணித்து, “நீயே வெச்சுக்கோம்மா, என்கிட்ட இருந்தா கூப்பிட்டுடுவேன், ஏதாவது அவசரம்னு வந்தா மட்டும் குடு” என்றார். சாயங்காலம் வரை ஒரு வாய் சாப்பிடவில்லை.

விடுமுறைக்கு வந்து இங்கே உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளே, அம்மா போனை எடுக்காத அந்த நேரத்தில் என்ன செய்துகொண்டிருந்தாள் என்று இன்றைக்கு வீட்டுக்குப் போய்க் கேளுங்கள். தீர்ப்பை யாருக்கு வேண்டுமானாலும் கொடுங்கள் நடுவர் அவர்களே, அந்த அம்மாவுக்குப் பாசம் குறைவு என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். வணக்கம்.