சிறைவாசலில் நின்ற சிறுமி
(நூலக வார விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

விழாவிற்குத் தலைமை ஏற்றிருக்கும் பேரூராட்சித் தலைவர் அவர்களே, முன்னிலை வகிக்கும் தலைமையாசிரியர் அம்மையார் அவர்களே, நாற்காலிகளை அனுப்பி உதவிய வணிகர் சங்கச் செயலாளர் அவர்களே, நூலகர் ஐயா அவர்களே, வாசகர் வட்டத்துப் பெரியோர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் குழந்தைகளே, அனைவருக்கும் பணிவான வணக்கம்.

அமெரிக்க எழுத்தாளர் ஹார்ப்பர் லீ 1960-இல் வெளியிட்டு, மறு ஆண்டே புலிட்சர் பரிசு பெற்ற 'டு கில் எ மாக்கிங்பேர்ட்' நாவலைக் குறித்துப் பேச வந்திருக்கிறேன். 1930-களின் அலபாமாவில், மேகோம்ப் என்னும் கற்பனைச் சிற்றூரில், செய்யாத குற்றத்திற்காகக் கூண்டில் நிறுத்தப்படும் டாம் ராபின்சன் என்ற கறுப்பினத் தொழிலாளியின் கதையை, அவருக்காக வாதாடும் வெள்ளை வழக்கறிஞர் அட்டிகஸின் மகள் ஸ்கௌட் சொல்கிறாள். "ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா?" என்ற நம் பழமொழியே இந்த நாவலுக்குள் நுழைய ஏற்ற வாசல்.

விசாரணைக்கு முந்தைய இரவு. டாமைக் காக்க அட்டிகஸ் சிறைவாசலில் நாற்காலி போட்டு, விளக்கொளியில் நாளிதழ் படித்துக்கொண்டிருக்கிறார். கார்கள் வந்து நிற்கின்றன. டாமைக் கொல்லத் துணிந்த ஆண்கள் இறங்கிச் சூழ்கிறார்கள். தந்தையைத் தேடி வந்த மூன்று குழந்தைகள் அந்த வளையத்துக்குள் ஓடி நுழைகிறார்கள். வீட்டுக்குப் போ என்று தந்தை சொல்லியும் அண்ணன் ஜெம் அசையவில்லை. எட்டு வயது ஸ்கௌட்டோ அத்தனை முகங்களில் தெரிந்த முகம் ஒன்றைத் தேடுகிறாள், கன்னிங்ஹாம் தென்படுகிறார். அவருடைய நில வழக்கு எப்படி இருக்கிறது என்று கேட்கிறாள், அவர் மகன் வால்டர் தன்னோடு படிப்பதைச் சொல்கிறாள், அவனை விசாரித்ததாகச் சொல்லுங்கள் என்கிறாள். அந்த மனிதர் குனிந்து, அவள் தோள்களைப் பற்றி, சொல்கிறேன் என்கிறார். கூட்டத்தையும் அழைத்துக்கொண்டு போய்விடுகிறார்.

இந்தப் பண்பை அவளுக்குக் கொடுத்தவர் யார்? ஈராண்டுகளுக்கு முன் இதே வால்டர் அவர்கள் வீட்டில் உண்டபோது, உணவெங்கும் பாகை ஊற்றியதை ஸ்கௌட் இகழ்ந்தாள். சமையல்காரர் கல்பர்னியா அவளைச் சமையலறைக்கு அழைத்து, இந்த வாசற்படி மிதித்தவர் எவரும் விருந்தினரே என்று கண்டித்தார். ஐந்தில் வளைத்த கை ஒரு கறுப்பினப் பெண்ணின் கை என்பதை, அட்டிகஸை மட்டுமே போற்றுகிறவர்கள் மறந்துவிடுகிறார்கள். டாமின் வழக்கில் தீர்ப்புச் சொல்லும் நடுவர் குழுவில் கன்னிங்ஹாம் உறவினர் ஒருவர் விடுதலைக்காக நெடுநேரம் போராடியும், முடிவில் பன்னிருவரும் குற்றவாளி என்றே தீர்ப்பளித்தார்கள். ஐம்பதில் வளைவது அவ்வளவு அரிது.

ஸ்கௌட்டுக்கு எழுதக் கற்றுத்தந்தவரும் கல்பர்னியாவே. அவருடைய தேவாலயத்தில் படிக்கத் தெரிந்தவர்கள் நான்கே பேர். பாட்டுப் புத்தகம் இல்லாமல், ஒருவர் வரிவரியாகச் சொல்ல மற்றவர்கள் பாடினார்கள். எழுத்தை மறுப்பதும் இனவெறியின் ஒரு முகம் என்பதால்தான் குழந்தைகளுக்கான வாசிப்பறையை நான் ஊர் ஊராகக் கேட்டு வருகிறேன். 1966-இல் வர்ஜீனியாவின் ஹனோவர் மாவட்டப் பள்ளிகளில் இந்த நாவல் விலக்கப்பட்டபோது, ஹார்ப்பர் லீ உள்ளூர் நாளிதழுக்கு எழுதிய கடிதத்தோடு பணமும் அனுப்பிவைத்தார். அந்த இதழ் மாணவர்களுக்கு நாவலை இலவசமாக வழங்கியது.

நம் நூலகத்திலோ சிறுவர் நூல்கள் பூட்டிய கண்ணாடி அலமாரிக்குள், பெரியவர்களின் உயரத்தில் இருக்கின்றன. பின்புறத்து வெற்றறையைக் குழந்தைகளுக்கு ஒதுக்கவும், அந்தப் பூட்டை இந்த வாரமே அகற்றவும் ஆவன செய்யுமாறு தலைவர் அவர்களைக் கேட்டுக்கொண்டு அமர்கிறேன். வணக்கம்.